கடலின் பயிர் யாருடைய பயிர்?

திருவாமாத்தூரில் நடவு முடித்து, சேறு காய்ந்த காலோடு வீடு திரும்பும் கூலிக்காரத் தாயின் அடுப்பில் இரவு என்ன கொதிக்கிறது? சோறு. கையில் நாலு காசு மிஞ்சியிருந்தால் கூடவே கருவாட்டுக் குழம்பு. விடியற்காலை பஸ் பிடித்து ஆலைக்குப் போகும் தொழிலாளியின் தூக்குச் சட்டியிலும் அதுதான். நெத்திலி, சூடை, கவலை, மத்தி என்று பெயர் மாறலாம். உழைக்கிற உடம்புக்கு வலுக் கொடுக்கும் மலிவான இறைச்சி இதுவே.

அரிசி எப்படி விளைகிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கருவாட்டு மீன் எப்படி விளைகிறது? கடலில் விளைகிறது என்று பதில் வரும். கடலில் எதைத் தின்று விளைகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நம் குற்றமல்ல. ஆனால் இனியும் தெரியாமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

“வயற்காட்டுக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன கவலை?” என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் திருவாமாத்தூரை ஒட்டி ஓடும் பம்பை ஆற்றின் கரையோடு கொஞ்ச தூரம் நடந்து பார்க்கட்டும். பம்பை போய்ச் சங்கராபரணியில் சேருகிறது. சங்கராபரணி வில்லியனூரைத் தாண்டிப் புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் விழுகிறது. நம் வரப்பு உடைந்து வழியும் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருமிடம் கடல்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் வட்டாரமே வெள்ளக்காடாயிற்று. வயலின் மேல்மண்ணும், அந்த மண்ணில் போட்ட உரமும் வெள்ளத்தோடு எங்கே போயின? கடலுக்குப் போயின. போன உரம் அங்கே என்ன செய்யும்? அதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

கடலுக்குள் ஒரு வயல்

கரையில் நின்று பார்த்தால் கடல் வெறும் உப்புத் தண்ணீராகத் தெரிகிறது. உண்மையில் அது ஒரு பெரிய வயல். வெயில் எட்டுகிற மேல் நீரில், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிச் செடிகள் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வேர் இல்லை, தண்டு இல்லை, இலை இல்லை. ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. ஆனாலும் நெற்பயிர் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. வெயிலை வாங்கி, கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு உணவு சமைக்கிறது. பிராணவாயுவை வெளியே விடுகிறது.

அலையோடு அலைகிற இத்தகைய உயிர்களுக்கு 1887-ம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி விக்டர் ஹென்சன் ‘பிளாங்டன்’ என்று பெயரிட்டார். அலைந்து திரிவது என்று அதற்குப் பொருள். அவற்றில் செடி இனத்தைச் சேர்ந்தவற்றை நாம் மிதவைப் பாசி என்று சொல்வோம்.

உலகிலுள்ள எல்லாச் செடிகொடிகளையும் மரங்களையும் ஒரு தட்டில் வைத்து எடைபோட்டால், இந்த மிதவைப் பாசிகளின் எடை நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் உலகச் செடிகள் ஓர் ஆண்டில் உண்டாக்கும் உணவிலும் பிராணவாயுவிலும் ஏறக்குறைய பாதி இவற்றின் உற்பத்தி! இது எப்படிச் சாத்தியம்? ஆலமரம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மிதவைப் பாசியோ ஒரு நாளில், இரண்டு நாளில் தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கிவிடும். உண்டானதும் மீன் குஞ்சும் கூனிப்பொடியும் அதைத் தின்றுவிடும். விளைவதும் அறுப்பதும் ஓயாமல் நடக்கும் வயல் இது. குவியல் சிறிது, உற்பத்தி பெரிது.

இந்தப் பாசியை மத்தி நேராகத் தின்கிறது. நெத்திலி பெரும்பாலும் பாசியைத் தின்று வளர்ந்த கூனிப்பொடியைத் தின்கிறது. மத்தியையும் நெத்திலியையும் சீலாவும் வஞ்சிரமும் தின்கின்றன. எந்த வழியில் போனாலும் கணக்கு பாசியில் போய் முடியும். பாசி இல்லையேல் மீன் இல்லை. மீன் இல்லையேல் வலைக்காரனுக்கு வேலை இல்லை, நம் சட்டியில் குழம்பும் இல்லை.

ஒன்றல்ல, ஆயிரம்

பாசி என்றதும் எல்லாம் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. கடலில் மிதப்பவற்றில் பெயரிட்டு அறிந்த இனங்கள் மட்டுமே சுமார் 5,000. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

டயட்டம் என்ற இனம் கண்ணாடிக் கூட்டுக்குள் வாழ்கிறது. அந்தக் கூட்டைக் கட்ட அதற்கு மணல்சத்து வேண்டும். பாறை கரைந்து ஆற்று நீரில் வரும் சிலிக்காதான் அந்தச் சத்து. மத்திக்கும் பல மீன் குஞ்சுகளுக்கும் இது நல்ல தீனி. டிரைக்கோடெஸ்மியம் என்றொரு நீலப்பச்சைப் பாசி உண்டு. நம் வயலில் தக்கைப்பூண்டும் சணப்பும் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பதைப் போல, இது கடலுக்குக் கொடுக்கிறது. 1770-ல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்தவர்கள் இது கடல்மீது படர்ந்திருக்கக் கண்டார்கள். மாலுமிகள் இதைக் கடல் மரத்தூள் என்றே அழைத்தார்கள். புரோகுளோரோகாக்கஸ் என்பது இன்னும் சிறியது. வெப்பக் கடலில் ஒரு சொட்டு நீரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவ்வளவு இருந்தும் 1980-களில்தான் விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

நூற்பாலைத் தொழிலாளிக்கு இது உடனே புரியும். பஞ்சைப் பிரிக்க ஓர் இலாகா, சிக்கெடுக்க ஓர் இலாகா, நூற்க ஓர் இலாகா, சுற்ற ஓர் இலாகா. எல்லோரையும் ஒரே இலாகாவில் கொண்டுபோய் நிறுத்தினால் ஆலை ஓடுமா? விவசாயத் தொழிலாளிக்கும் புரியும். மல்லாட்டையோடு துவரையும் ஓரத்தில் ஆமணக்கும் போட்ட காலத்தில் ஒன்று போனால் இன்னொன்று கைகொடுத்தது. ஊர் முழுக்க ஒரே ரக நெல் நின்றால், புகையான் ஒரு மூலையில் விழுந்து ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் காயவைக்கிறது. பல இனம் சேர்ந்து வாழ்வதுதான் கடலுக்கும் காப்பு. மழைக்காலத்தில் ஒன்று ஓங்கும், வெயில் காலத்தில் இன்னொன்று ஓங்கும். எக்காலத்திலும் மீனுக்கு ஏதோ ஒரு தீனி இருக்கும். அந்தப் பன்மை அழிந்து ஒரே இனம் கடலைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? அதைக் காண நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. வங்கக் கரையோடு தெற்கே இறங்கி இராமேசுவரம் வரை போனால் போதும்.

இருபத்தோரு தீவுகள்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. குருசடை, சிங்கிள், முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, காசுவாரி என்று நீளும் வரிசை. இவற்றில் இரண்டு இப்போது கடலுக்குள் மூழ்கிவிட்டன. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தீவைச் சுற்றிய நீருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நடுக்கடலில் சத்துக் குறைவு. தீவின் கரையில் நீரோட்டம் மோதிக் கலங்குகிறது, அடியிலுள்ள சத்து மேலே வருகிறது, கரையிலிருந்தும் சத்து சேருகிறது. அதனால் அங்கே பாசி செழிக்கிறது. டோட்டி, ஒகுரி என்ற இரு விஞ்ஞானிகள் ஹவாய்த் தீவுகளின் கரைநீரை அளந்து 1956-ல் இதை எடுத்துச் சொன்னார்கள். விஞ்ஞானி அளப்பதற்கு முன்பே நம் மீனவன் அனுபவத்தில் கண்டதுதான் இது. தீவோரம் மீன் கூடும் என்று அவன் பாட்டனுக்கே தெரியும்.

ஆனால் சத்துள்ள நீர் இருபுறமும் கூரான கத்தி. அளவோடு இருந்தால் ஆயிரம் இனம் வாழும். அளவு மீறினால் ஒரே இனம் மண்டும்.

பூங்கோரை வந்த நாள்

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் கரையோரத்தில் கடல்நீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் மாறியது. மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. அந்தப் பக்கத்து மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். விஞ்ஞானிகள் இட்ட பெயர் நாக்டிலூக்கா. இரவு விளக்கு என்று பொருள். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன என்று ஜனங்கள் திரண்டு போய் வேடிக்கை பார்த்தார்களே, அந்த விளக்கும் இதுதான். சென்னையில் வேடிக்கை, பாம்பனில் வயிற்றில் அடி!

நாக்டிலூக்கா விசித்திரமான உயிர். நம் கடலில் காணும் வகை தன் உடம்புக்குள் பச்சைப் பாசிகளைக் குடிவைத்து அவற்றின் உழைப்பில் வாழ்கிறது. அதோடு நிற்காமல் வெளியே மிதக்கும் டயட்டங்களையும் விழுங்குகிறது. குடியிருப்பவன் உழைப்பும் வேண்டும், அக்கம்பக்கத்தான் சொத்தும் வேண்டும் என்கிற இந்தக் குணம் நமக்குப் பழக்கமானதுதான்! அது கோடிக்கணக்கில் மண்டி, பிறகு ஒட்டுமொத்தமாகச் செத்து அழுகும்போது, நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் குடித்துத் தீர்க்கிறது. அம்மோனியாவும் வெளிப்படுகிறது. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது.

2019-ல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் தீவுகளருகே மூழ்கிப் பார்த்தார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே பிராணவாயு இறங்கியிருந்தது. நல்ல கடல்நீரில் 5, 6 மில்லிகிராம் இருக்கும். நகர்ந்து தப்ப முடியாத பவளங்கள் வெளுத்துச் செத்தன. அவர்கள் ஆராய்ச்சி 2020-ல் உலக விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது. பவளப்பாறை செத்தால் அது இன்றைய மீனின் நஷ்டம் மட்டுமல்ல. மீன் குஞ்சு வளரும் தொட்டிலே போய்விட்டது என்று பொருள்.

இது முதல் தடவையுமல்ல. 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இதே பூங்கோரை மண்டி மீன்கள் செத்தன. அதற்கும் வெகு காலம் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. 1947-ல் அமைந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அப்போது மண்டபத்தில் இருந்தது. மலபார், கன்னடக் கரைகளில் கடல் நிறம் மாறியபோது மீன்பிடிப்பு திடீரென்று வீழ்ந்ததைப் பற்றி பீமாச்சாரும் ஜார்ஜும் 1950-ல் எழுதினார்கள். பாக் விரிகுடாவில் நாக்டிலூக்கா மண்டுவதையும், அதனால் சூடை மீன்பிடிப்புக்கு நேர்வதையும் ஆராய்ந்து ரகு பிரசாத் 1953-ல் எழுதினார். ஆக, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் விஞ்ஞானிகள் கடமையைச் செய்துவிட்டார்கள். அந்த அறிவு வலைக்காரன் கைக்கு எட்டியதா? அதுதான் கேள்வி.

குற்றவாளி யார்?

“இயற்கை இப்படித்தான், மழை வந்தால் சரியாகிவிடும்” என்று சிலர் கையைக் கழுவுவார்கள். பூங்கோரை இயற்கையாகவும் வரும் என்பது மெய். பருவக்காற்று அடிநீரைக் கிளறும்போது முன்பும் அது வந்திருக்கிறது. ஆனால் தீ இயற்கை என்பதற்காகக் கூரையில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்களா? உலகமெங்கும் கரைக்கடல்களில் ஓரினப் பாசி மண்டுவதற்கு மனிதன் ஊற்றும் எண்ணெய் மூன்று.

முதலாவது, நகரத்துச் சாக்கடை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,236 கோடி லிட்டர். அதில் சுத்திகரிக்கப்பட்டது சுமார் 2,023 கோடி லிட்டர். நூற்றுக்கு 28 பங்கு மட்டுமே! மீதி ஆற்றுக்கும் ஏரிக்கும் கடலுக்கும் போகிறது.

இரண்டாவது, வயலில் மிஞ்சும் உரம். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. அதில் நெற்பயிர் எடுத்துக்கொள்வது பாதிகூட இல்லை. மீதி காற்றில் போகிறது, மண்ணுக்குள் இறங்குகிறது, வடிகாலில் ஓடுகிறது. “அப்படியானால் விவசாயிதான் குற்றவாளி” என்று உடனே விரல் நீட்டுவார்கள். பொறுங்கள்! 2010-ல் மத்திய சர்க்கார் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அவற்றின் விலை ஏறியது. யூரியாவின் விலை மட்டும் கட்டுக்குள் நின்றது. கடன்பட்ட சிறு விவசாயி எதை வாங்குவான்? மலிவானதைத்தான் வாங்குவான். விலையை இப்படி அமைத்துவிட்டு, அவன் பேராசைக்காரன் என்று பேசுவது அநியாயம். வயலில் உரம் வீசும் கை நம்முடையது; எந்த உரம், எவ்வளவு என்று முடிவு செய்யும் இடத்தில் நாம் இல்லை.

மூன்றாவது, கடலின் சூடு. உலகம் சூடேற ஏற மேல்நீர் வெதுவெதுப்பாகி, கனம் குறைந்து, மூடிபோல் நிற்கிறது. சூடான நீர் பிராணவாயுவையும் குறைவாகவே தாங்கும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துக் கொழுத்தவர்கள் வேறு. செத்த மீனை அள்ளுபவர்கள் வேறு.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆற்றில் அணை கட்டினால் டயட்டத்துக்கு வேண்டிய மணல்சத்தில் ஒரு பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. கீழே தழைச்சத்து மட்டும் பெருகுகிறது. கூடு கட்டச் சத்தில்லாத டயட்டம் பின்வாங்குகிறது. கூடு தேவைப்படாத இனம் அந்த இடத்தைப் பிடிக்கிறது. நல்ல தீனி போய்க் கெட்ட தீனி வருகிறது. அணை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. பாசன அணை நம் உயிர். ஆனால் தழைச்சத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் கடல் பழிவாங்கும் என்பதே இதன் பாடம்.

கருங்கடல் சொல்லும் பாடம்

இதற்கு ஓர் உலக சாட்சி கருங்கடல். தன்யூபு நதி மேற்கு ஜெர்மனியிலிருந்து சோவியத் எல்லை வரை பல தேசங்களின் உரத்தையும் சாக்கடையையும் சுமந்து அதில் கொட்டியது. 1972-ல் அந்நதியில் இரும்பு வாயில் என்ற பேரணையும் எழுந்தது. 1970-களிலும் 80-களிலும் கருங்கடலின் வடமேற்குப் பகுதியில் பாசி மண்டி, பிராணவாயு அற்று, அடிக்கடல் உயிர்கள் ஏராளமாக மாண்டன. முதலாளித்துவ நாட்டு உரம், சோஷலிஸ்ட் நாட்டு உரம் என்று கடல் பேதம் பார்க்கவில்லை. உற்பத்திக் கணக்கை மட்டும் எழுதிக் கழிவுக் கணக்கை எழுதாதவர் யாராயினும் கடல் தண்டித்தது. இதை நாம் மறைக்கத் தேவையில்லை, கற்றுக்கொள்வதே நேர்மை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 1990-க்குப் பின் அந்தப் பிரதேசத்தில் உரம் போடுவது சடாரென்று குறைந்தது. சில ஆண்டுகளிலேயே கடல் தேறத் தொடங்கியது. பாசி மண்டுவது குறைந்தது, பிராணவாயு திரும்பியது. ஆகவே தோழர்களே, இது தலைவிதியல்ல. மனிதன் செய்ததை மனிதன் திருத்த முடியும்.

நாம் கேட்பது

ஒன்று: மன்னார் வளைகுடாத் தீவுகளையும், சங்கராபரணி, தென்பெண்ணை முகத்துவாரங்களையும் வாரந்தோறும் சோதிக்க வேண்டும். எந்தப் பாசி எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கடலின் நிறத்தை வானிலிருந்து அளக்க 1999-லேயே ஓஷன்சாட் செயற்கைக்கோளை ஏவிய தேசம் இது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் மீன் கிடைக்குமிடத்தையே கணித்துச் சொல்கிறது. வானத்தில் கண் இருக்கிறது. கரையில் கையும் வேண்டும். முடிவுகளை எளிய தமிழில், மரக்காணம் முதல் பாம்பன் வரை மீன் இறங்கும் துறைதோறும் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

இரண்டு: சுத்திகரிக்காத சாக்கடை ஒரு சொட்டும் ஆற்று முகத்துவாரத்தில் விழக் கூடாது. அதற்கான பணத்தை நகராட்சியின் ஏழைக் குடிசையில் வரியாகக் கறக்காமல் சர்க்கார் பொறுப்பேற்க வேண்டும்.

மூன்று: மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். தக்கைப்பூண்டு, சணப்பு விதை, மண் பரிசோதனை, இலை வண்ண அட்டை ஆகியவை ஊராட்சிதோறும் கைக்கு எட்ட வேண்டும். இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் யூரியாவைப் பிரித்துப் போட்டால் பயிருக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.

நான்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. பூங்கோரை வந்து கடலே கதவடைக்கும் நாட்களுக்கும் அதே நியாயம் பொருந்த வேண்டும். வலைக்காரனுக்கு மட்டுமல்ல, மீன் காயவைத்துக் கருவாடு விற்கும் பெண்ணுக்கும் அந்த நிவாரணம் சேர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. யூரியா வீசிய வயலின் மடையை உடனே திறந்துவிடாதீர்கள். வானம் கறுத்து நிற்கையில் உரம் வீசச் சொன்னால், “நாளைக்குப் போடலாம்” என்று எடுத்துச் சொல்லுங்கள். எந்த வயலில் உரம் வீணாய்ப் போகிறது என்று மேட்டில் குடைபிடித்து நிற்பவனைவிடச் சேற்றில் நிற்கும் நமக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த அறிவைக் கிராம சபையில் பேசுங்கள்.

மறுபடி கருவாட்டுச் சட்டிக்கே வருவோம். அதில் கிடக்கும் ஒரு சூடை மீனுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத லட்சோப லட்சம் பாசிகளின் உழைப்பு இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு வலைக்காரனின் இரவு இருக்கிறது. நம் பம்பை ஆற்றின் தண்ணீரும் இருக்கிறது. கடலின் பயிர் யாருடைய பயிர் என்று கேட்டோம். விதைக்காமலே விளையும் அந்தப் பயிருக்குத் தனி உடைமைக்காரன் கிடையாது. உழைத்து உண்ணும் அத்தனை பேருக்கும் அது பொது. ஆகவே அதைக் காப்பதும் பாம்பன் மீனவனின் தனிக் கவலையல்ல. திருவாமாத்தூர் நடவுக்காரியின் கவலையும்தான்.